குளிர்காலத்துக்கு வடக்கே போகும் கிளி

கேள்வி: குளிர்காலத்தில் பறவைகள் தெற்கே வலசை வரும் என்றுதான் படித்திருக்கிறோம். வடக்கே போகிறவையும் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அங்கே கதகதப்பும் இரையும் தேடும் பறவை வடக்கேதான் போக வேண்டும். அண்டார்டிக் கரைகளில் குஞ்சு பொரிக்கும் வில்சன் கடற்குருவி, சுமார் 40 கிராம் எடைதான் இருக்கும். அது இந்தியப் பெருங்கடல் வரை ஏறி வந்து, இந்திய, இலங்கைக் கடல்களிலும் தென்படுகிறது.

கிளிகளில் ஸ்விஃப்ட் கிளியைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் தெற்குத் தீவான டாஸ்மேனியாவில் மட்டுமே கூடு வைக்கும். இலையுதிர்காலத்தில் பாஸ் நீரிணையைத் தாண்டி, ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் உள்ள விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் காடுகளுக்குப் போய்விடும். அங்கே அயர்ன்பார்க் போன்ற யூகலிப்டஸ் மரங்கள் குளிர்காலத்தில் பூக்கும். அந்தத் தேனும், இலைகளில் சிறு பூச்சிகள் விடும் இனிப்புப் படிவும்தான் உணவு. எந்தக் காடு எந்த ஆண்டு பூக்கும் என்று சொல்ல முடியாது. போன வருடம் கூட்டமாக இருந்த இடத்தில் இந்த வருடம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதனால் ஒரே ஒரு காட்டைக் காத்தால் இந்தக் கிளி பிழைத்துவிடாது. முதிர்ந்த மரங்கள்தான் நிறையத் தேன் தரும்; அவற்றை வெட்டிவிட்டுக் கன்று நடுவது ஈடாகாது. டாஸ்மேனியாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சுகர் கிளைடர் என்ற சிறு விலங்கு மரப்பொந்துக்குள் புகுந்து, அடைகாக்கும் பெண் கிளியையே கொன்றுவிடுகிறது. இன்று இது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்.

கேள்வி: எங்கள் தெருவில் பூத்திருக்கும் மரத்துக்குப் பச்சைக் கிளிகள் வருகின்றன. ஸ்விஃப்ட் கிளியா, மஸ்க் லாரிக்கீட்டா? ஒன்று ஜன்னலில் மோதி விழுந்தால் என்ன செய்வது?
– வாசகி, பெண்டிகோ, விக்டோரியா

பதில்: பறக்கும்போது கீழிருந்து பாருங்கள். இறக்கையின் அடியில் சிவப்பு தெரிந்து, வாலும் மெலிந்து கூராக, அடர்சிவப்பாக இருந்தால் ஸ்விஃப்ட் கிளி. அதற்குத் தொண்டையும் சிவப்பு. மஸ்க் லாரிக்கீட்டுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்பு இருக்கும்; இறக்கையின் அடி பச்சை. ரெயின்போ லாரிக்கீட்டுக்கும் அடியில் சிவப்பு உண்டு, ஆனால் அதன் தலை நீலம்.

மோதி விழுந்தால் துண்டால் மெல்ல மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வையுங்கள். மூடி இருட்டாக்கி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனவிலங்கு மீட்பாளரை அழையுங்கள். தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பறவைக்குப் புரையேறும். தெளிந்துவிட்டதென்று மேலே தூக்கி வீசவும் கூடாது, உள்காயம் வெளியே தெரியாது.

கண்ணாடியில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. பறவை அந்தப் படத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கண்ணாடியில் மோதும். வெளிப்பக்கத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளை முழுக்க ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் வானத்தின் பிரதிபலிப்பு அவற்றை மறைத்துவிடும். கம்பிவலை வேலியிலும் இவை மோதிச் சாகின்றன. பூக்கும் மரத்தருகே வேலி இருந்தால், பூக்காலம் முடியும் வரை அதன்மேல் நிழல்வலை கட்டுங்கள். சர்க்கரைத் தண்ணீர், ரொட்டி வைக்க வேண்டாம். ஒரே கிண்ணத்தில் பல கிளிகள் கூடினால் அலகு–இறகு நோய் எளிதில் பரவும்.