கனவுக் கல்லூரிக்காக 10 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: சேலத்தில் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. மகளுக்குக் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும். அவளோ கோவையில் ஒரு தனியார் கல்லூரிதான் வேண்டும் என்கிறாள்.

பதில்: முதலில் கடன் கணக்கைப் பாருங்கள். 10 லட்சம், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் வட்டி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து தவணை இன்னும் ஏறும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் அடமானமும் கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை வைக்கத் தயாரா?

கருப்பூர் ஒன்றும் இளப்பமில்லை. 1966 முதல் இருக்கும் கல்லூரி, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. (பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அருமை தெரிவதில்லை.)

சரி, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில், கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும். தாராளமாகக் கோவைக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் நான் கருப்பூர்தான் சொல்வேன். அவள் கேட்கும் பாடப்பிரிவு அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.