மருத்துவர் பதில்: மலை ஏற எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 23 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். உயரம் 162 சென்ரிமீற்றர். வருகிற ஓகஸ்டில் எங்கள் சைக்கிள் குழு கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறப் போகிறது. மற்றவர்கள் எல்லோரும் மெலிந்தவர்கள், நான் மட்டும் பின்தங்கி விடுவேனோ என்று பயம். எடை குறைந்தால் ஏற்றம் இலகு என்று இணையத்தில் வாசித்து, ஐந்து மாதத்தில் 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு வந்துவிட்டேன். 48க்கு வந்தால் இன்னும் எவ்வளவு வேகம் கூடும்? ஓய்வில் நாடித்துடிப்பு 50தான் இருக்கிறது, இதயத்தில் பிழையா? முழங்கால் 'டக்' என்கிறது, தொடை பெருக்கிறது, தலைமயிர் கொட்டுகிறது. இடைக்கிடை நீர் போகிற குளிசை வாங்கிக் குடிக்கிறேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடும் பயிற்சி செய்தால் அப்படித்தான் என்கிறார்கள். ஒரு வாரத்துச் சாப்பாட்டுக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: பிள்ளை, கடைசியில் எழுதியதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. 'கடும் பயிற்சி செய்தால் அப்படித்தான்' என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை விடுங்கள். நன்றாகச் சாப்பிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோதுதான் நிற்கிறது.

உங்கள் குறிப்பில் புதன்கிழமையைப் பார்த்தேன். விடிய ஐந்தரைக்கு வெறும் தேத்தண்ணி. பிறகு பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறீர்கள். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட். மத்தியானம் ஒரு சின்னக் கிண்ணம் சோறும் கீரையும். இரவு வெள்ளரிக்காய். இதில் சைக்கிள் மிதிக்கச் செலவானதைக் கழித்தால் மூளைக்கும் எலும்புக்கும் இரத்தத்துக்கும் என்ன மிஞ்சும்? உடல் இந்தக் கணக்கை எங்களைவிடத் துல்லியமாகப் போடும். சக்தி போதாது என்று கண்டதும் மூளையின் அடிப்பகுதியிலிருந்து சூலகத்துக்குப் போகிற ஓமோன் கட்டளைகள் தளர்கின்றன. சூலகம் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் ஓமோன் இறங்குகிறது, மாதவிடாய் நிற்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை' என்று பெயர் வைத்தது. அதற்கு முன்பே, 1990களிலிருந்து, விளையாட்டு வீராங்கனைகளிடம் குறைந்த உணவு, நின்ற மாதவிடாய், தேய்ந்த எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள்.

எனக்கு இதில் பெரிய கவலை உங்கள் எலும்பு. இருபதுகளின் முடிவு வரைதான் எலும்பு அடர்த்தி கூடும். அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர, பெரிதாகச் சேர்க்க முடியாது. எலும்பு சேரும் இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் எலும்பு மெலியும். ஓடுகிறவருக்காவது காலடி அதிர்வு எலும்பை உறுதியாக்கும். சைக்கிளில் உங்கள் பாரத்தை இருக்கை தாங்கிவிடுகிறது, எலும்புக்கு அந்தத் தூண்டல் கிடைப்பதில்லை. நன்றாகச் சாப்பிடும் சைக்கிள் வீரர்களுக்கே முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதுண்டு. உங்கள் நிலையில் இறக்கத்தில் ஒரு சின்ன விழுகைகூட எலும்பு முறிவில் முடியலாம்.

நீங்கள் ஏமாந்த இடம் உயர எடைச் சுட்டெண் (BMI), அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண். 51 கிலோவுக்கு அது 19.4. அட்டவணை 'சரி' என்கிறது. ஆனால் அட்டவணைக்கு உங்கள் ஈஸ்ட்ரோஜன் தெரியாது. 58 கிலோவில் 22 இருந்தது, அதில் குறைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 48க்குப் போனால் 18.3, அது அட்டவணைப்படியும் குறைவுதான்.

சரி, நீங்கள் உண்மையில் பயப்படுகிற விடயத்துக்கு வருகிறேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். ஏற்றத்தில் பாரம் முக்கியம் என்பது பொய் இல்லை. சமதரையில் காற்றோடுதான் சண்டை, செங்குத்தில் புவியீர்ப்போடு. ஆனால் மேலே தூக்குவது உங்களை மட்டும் இல்லை, சைக்கிளையும் தண்ணீர்ப் போத்தலையும் சேர்த்துத்தான். உங்கள் 51 கிலோவோடு அவை ஒரு 13 கிலோ என்று வைப்போம், மொத்தம் 64. நீங்கள் 3 கிலோ குறைத்தால் 61. அதாவது ஐந்து வீதத்துக்கும் குறைவு. இரண்டு மணித்தியால ஏற்றத்தில் கூடிப்போனால் ஐந்து நிமிடம் மிச்சம், அதுவும் கால் பலம் கொஞ்சமும் குறையாமல் இருந்தால் மட்டும். பட்டினியால் பலம் ஐந்து வீதம் இறங்கினால் அந்த ஐந்து நிமிடமும் போய்விடும். இப்படிச் சாப்பிட்டால் அதைவிடக் கூடவே இறங்கும். இணையத்தில் 'ஒரு கிலோவுக்கு இத்தனை வாட்' என்று எழுதுகிறவர்கள் பின்னத்தில் கீழே இருக்கிற கிலோவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், மேலே இருக்கிற வாட்டை, அதாவது மிதிக்கிற பலத்தை, மறந்துவிடுகிறார்கள். அந்த 64 கிலோவை 1,000 மீற்றர் உயர்த்த, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே உடல் ஏறக்குறைய 600 முதல் 700 கலோரி வரை செலவழிக்கும். உங்கள் புதன்கிழமை முழுவதும் சாப்பிட்டது அதைவிட எவ்வளவு கூட இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்று கவலைப்படவும் தேவையில்லை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்கு எதிரே பண்ணைப் பாலத்தில் இருபது நிமிடம் விடாமல் மிதிப்பது நல்ல ஏற்றப் பயிற்சி. அங்கே எடை கணக்கில்லை, கால் பலம்தான் கணக்கு. அப்புறம் சைக்கிள் கடையில் சொல்லிப் பின் சில்லுக்குப் பெரிய பல்லுச்சக்கரம் போடுங்கள். கரியரையும் ஸ்டாண்டையும் கழற்றினால் நீங்கள் பட்டினி கிடக்காமலே பாரம் குறையும். (இதை வாசிக்கிற, வயிறு முன்னே வந்த 90 கிலோ அண்ணாமாருக்கு: உங்களுக்கு எடை குறைத்தால் ஏற்றமும் இலகு, சீனி வருத்தத்துக்கும் நல்லது. வாரம் அரைக் கிலோ போதும்.)

நீர் போகிற குளிசையை இன்றே குப்பையில் போடுங்கள். அது கொழுப்பைக் கரைக்காது. தண்ணீரையும் உப்பையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் விழுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். யாழ்ப்பாண வெயிலில் அதைக் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. மருந்துச்சீட்டு இல்லாமல் அதை விற்ற பாமசிக்காரர் மேல் எனக்குக் கோபம்தான். இன்னொன்று, அந்தக் குளிசைகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. நாளைக்குப் போட்டிக்குப் போனால் அதுவும் சிக்கல்.

முழங்கால் 'டக்' என்பது வலியும் வீக்கமும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. தொடை பெருப்பது தசை, மலை ஏறப்போவது அதுதான், சந்தோசப்படுங்கள். தலைமயிர் கொட்டுவது சாப்பாடு சரியானால் சில மாதத்தில் நிற்கும். நாடி 50 என்பது பயிற்சி செய்பவருக்கு இயல்பு. பட்டினியும் நாடியைக் குறைக்கும் என்பதால் ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் மட்டும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இந்த வாரமே யாழ் போதனா வைத்தியசாலைக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். எல்லோருக்கும் செய்வதுதான், கோபிக்க வேண்டாம். பிறகு தைரொயிட், புரோலக்டின், சூலக ஓமோன்கள், இரும்புச் சத்து, பொட்டாசியம் பார்ப்பார்கள், தேவையானால் ஸ்கான். சாப்பாடுதான் காரணம் என்று நான் நினைத்தாலும் மற்றக் காரணங்களை விலக்காமல் அதை முடிவாகச் சொல்ல முடியாது. ஒரு கருத்தடைக் குளிசையைக் குடித்து இரத்தம் வரவைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். அது குளிசை தருகிற இரத்தப்போக்கு. அடியில் இருக்கிற குறை அப்படியே இருக்கும்.

சாப்பாட்டை நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூட்டித் தொடங்குங்கள். சைக்கிள் எடுக்க முன் இரண்டு கதலிப்பழம், வந்ததும் புட்டும் பயறும், மத்தியானம் வயிறு நிறையச் சோறும் மீனும், பின்னேரம் கச்சானும் பனங்கட்டியும். பெரியபிள்ளை ஆனபோது அம்மா நல்லெண்ணெய் விட்டுத் தந்த உழுத்தங்களியை இப்போதும் கேட்டுச் சாப்பிடலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சைக்கிள் ஓடினால் வழியிலும் சாப்பிட வேண்டும். எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், ஏற விடுங்கள். மாதவிடாய் திரும்பச் சில மாதம் எடுக்கலாம்.

ஓகஸ்டுக்கு முன் அது திரும்பி, உங்களைப் பார்க்கிற மருத்துவரும் சரி என்றால் ஏறுங்கள். இல்லையென்றால் இந்தமுறை குழுவோடு வான் வண்டியில் போய்ப் புசல்லாவையிலும் ரம்பொடையிலும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், அடுத்த வருசம் ஏறலாம். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.