கீரை ஆயும் பிள்ளையும் பென்சில் பிடிக்கும் பிள்ளையும்: பால்வாடி டீச்சரிடம் சில கேள்விகள்

26 வருஷம் பால்வாடியில் இருந்தவள் நான். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். காய்ச்சல், மருந்து எல்லாம் டாக்டரிடம்.

மூன்றரை வயதுப் பையன். எல்.கே.ஜி.யில் தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதச் சொல்கிறார்கள். பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறான். என்ன பயிற்சி தரலாம் டீச்சர்?

முதலில் அந்தப் பென்சிலை எடுத்து உள்ளே வையுங்கள். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும், கடைசி எலும்புக்கு 9 வயதாவது ஆகிவிடும். மூன்றரை வயதில் முஷ்டிப்பிடி ஒரு குறையே இல்லை. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள், பிசையட்டும், கிள்ளட்டும். கிள்ளும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற இடத்தில்தான் நாளைக்குப் பென்சில் உட்காரப் போகிறது.

எங்கள் மையத்தில் ஒரு பெண் பிள்ளை சிலேட்டைத் தொடவே தொடாது. ஆயாம்மா கீரை ஆய உட்கார்ந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம், பழுத்தது தனியாக என்று அதுவே மூன்று குவியல் போடும். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. விரலுக்கு வேலை, இனம் பிரிக்கத் தெரிகிறது, அரைமணி நேரம் ஒரே இடத்தில் கவனம், இதற்கு மேல் என்ன வேண்டும்? அதன் அம்மா, "கீரை ஆயவா அனுப்பினேன்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

பல்லாங்குழி எந்த வயதில் சொல்லித் தரலாம்?

14 குழி முழு ஆட்டம் ஆறு வயது வாக்கில். நாலு வயதுக்குக் குழிக்கு ஒன்றாகப் போடச் சொன்னால் போதும், எண்ணிக்கையின் அடிப்படையே அதுதான். நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் "ஏழு கொட்டை எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். ஆனால் குண்டுமணி வேண்டவே வேண்டாம், பார்க்க அழகு, கடித்து உடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே ஒன்று தவழ்ந்தால் புளியங்கொட்டையும் பரண் மேல்தான்.

போனில் ஏ, பி, சி விளையாட்டு வைத்துக் கொடுக்கலாமா?

2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. 3, 4 வயதுப் பிள்ளை நாளைக்கு 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

மகள் இடது கையில் பென்சில் பிடிக்கிறாள், மாற்றலாமா?

கூடாது. மற்றபடி பென்சிலுக்கு முதல் பதிலே.

மூன்று வயது, இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. என்ன விளையாட்டு வைக்கலாம்?

விளையாட்டு அப்புறம். இந்த வாரமே குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, காதையும் சோதித்துவிடுங்கள். 'தானா வரும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கள் தாத்தா திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தான் படித்தார். எழுதவே வேண்டாம் என்று நீங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்.

ஐயா, நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள். மணலில் எழுதியது விரல். கை தோளிலிருந்து அசையும், தப்பானால் தடவி அழித்துவிடலாம், ஓரம் தாண்டினால் யாரும் சிவப்பு மையில் சுழிக்கப்போவதில்லை. மணலுக்கு நான் எப்போது தடை சொன்னேன்?

அப்போ விஜயதசமியில் அரிசியில் எழுத வைப்பது?

பெரியவர் கையைப் பிடித்து எழுத வைக்கிற ஒரு நாள் சடங்கு அது, நன்றாகச் செய்யுங்கள். மறுநாள் காலையில் நாலுகோடு நோட்டு வாங்கிவருகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 40 ஆயிரம் ஃபீஸ் கட்டுவது மணலில் விளையாடவா?

எல்.கே.ஜி.யில் வருகிற 'கே.ஜி.' கிண்டர்கார்டன், ஜெர்மன் சொல், குழந்தைகள் தோட்டம் என்று பொருள். பெயர் வைத்தவர் ஃப்ரோபெல். 1837இல் ஜெர்மனியில் அவர் தொடங்கிய இடத்தில் பிள்ளைகள் கையில் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டையும். நீங்கள் 40 ஆயிரம் கட்டுவது அந்தப் பெயருக்கு, வாங்கிவருவது வீட்டுப்பாடம். ஃபீஸ் சண்டையைப் பள்ளியில் போடுங்கள், என்னிடம் வேண்டாம்.

பையன் சொப்பு வைத்தே விளையாடுகிறான். மாமியார் திட்டுகிறார்.

குச்சியைக் கரண்டி என்று வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நாளைக்கு 'அ' என்கிற கோட்டை ஒரு சத்தம் என்று வைத்துக்கொள்ள வரும். மாமியாரையும் பந்தியில் உட்காரச் சொல்லுங்கள், அவன் பரிமாறட்டும். சொப்பு மட்டும் வாய்க்குள் போகிற அளவில் வேண்டாம்.

நாலு வயது. முக்கோணப் பென்சில் வாங்கினால் பிடி சரியாகுமா டீச்சர்?

கீரை வாங்குங்கள் அம்மா. கட்டைப் பிரித்ததும் ரப்பர் பேண்டை முதலில் எடுத்துவிடுங்கள், அது நேரே வாய்க்குத்தான் போகும்.