பானத் தயாரிப்பும் பன்னாட்டு உணவுத் தரங்களும்: கேள்வி பதில்

கேள்வி: கோடெக்ஸ் தரத்தின்படி பானம் தயாரித்துவிட்டால் எந்த நாட்டுக்கும் அனுப்பலாம்தானே, சார்?

பதில்: அனுப்ப முடியாது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963இல் அமைத்த கோடெக்ஸ் ஆணையம் வெளியிடுவது தரத் தொகுப்பு மட்டுமே. அது தானாக எந்த நாட்டிலும் சட்டமாகாது. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் எஸ்பிஎஸ் ஒப்பந்தம் (உணவுப் பாதுகாப்பு, விலங்கு, தாவர நலன் விதிகள் பற்றியது) வந்த பிறகு அதற்கு மதிப்புக் கூடியது. கோடெக்ஸைவிடக் கடுமையான வரம்பு வைக்கும் நாடு அதற்கு அறிவியல் காரணம் காட்ட வேண்டும். ஆனாலும் பல நாடுகள் அப்படி வைத்திருக்கின்றன. அதனால் முதலில் எந்தெந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அந்த நாடுகளில் உள்ள வரம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைவோ அதை எடுங்கள். ஃபார்முலா அதற்குப் பிறகுதான்.

கேள்வி: குளிர்பானம் கெடாமலிருக்க லிட்டருக்கு 300 மி.கி. சோடியம் பென்சோயேட் என்ற பதனப்பொருள் போடுகிறோம். கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 250 மி.கி. ஆனால் லேப் அறிக்கையில் 243 என்று வந்து, தேறியதாகவும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. வரம்பு பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டது, நீங்கள் எடை போடுவது அதன் சோடியம் உப்பு. 1.18 கிராம் சோடியம் பென்சோயேட்டில் 1 கிராம் பென்சாயிக் அமிலம் இருக்கிறது. ஆக 300ஐ 1.18ஆல் வகுத்தால் லிட்டருக்கு 254 மி.கி. உங்கள் பானம் 11 பிரிக்ஸ் (100 கிராமில் ஏறக்குறைய 11 கிராம் கரைந்த சர்க்கரை) என்றால் ஒரு லிட்டரின் எடை ஏறக்குறைய 1.044 கிலோ. 254ஐ அதால் வகுத்தால் கிலோவுக்கு 243.

வரம்புக்கு இவ்வளவு ஒட்டி ஓடாதீர்கள். தராசுப் பிழை, பேட்ச் அளவில் பிழை, லேபின் அளவீட்டு நிச்சயமின்மை எல்லாம் சேர்ந்தால் 243 எளிதில் 255 ஆகும். வரம்பிலிருந்து பத்து சதவீதமாவது கீழே நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

பழக்கூழ் வாங்கும்போது அதிலும் பென்சோயேட் இருக்கிறதா என்று பாருங்கள். கூழில் கிலோவுக்கு 600 மி.கி. இருந்து, நீங்கள் பானத்தில் 10% கூழ் சேர்த்தால் 60 மி.கி. கணக்கில் வராமல் உள்ளே வந்துவிடும். இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே பானத்துக்கு வரம்பு லிட்டருக்கு 150. உங்கள் ஃபார்முலா அங்கே தேறாது. அமெரிக்காவில் 0.1% வரை அனுமதி உண்டு. ஒரே பானத்துக்கு மூன்று எண்கள்.

இன்னொரு பதனப்பொருளான சார்பேட்டிலும் இதே கணக்குதான், காரணி மட்டும் 1.34. பொட்டாசியம் சார்பேட் எடையை அதால் வகுத்தால் சார்பிக் அமிலம் கிடைக்கும்.

கேள்வி: சிரப் டேங்க்கில் பென்சோயேட் போட்டதும் வெள்ளைத் துகள் மிதக்கிறது. சரக்கு கலப்படமா?

பதில்: பெரும்பாலும் சேர்க்கும் வரிசைதான் தப்பு. சிட்ரிக் அமிலம் ஏற்கெனவே கலந்த சிரப்பில் பென்சோயேட்டைக் கொட்டினால், விழுந்த இடத்திலேயே அது பென்சாயிக் அமிலமாக மாறிப் படிந்துவிடும். உப்பு நீரில் நன்றாகக் கரையும், அமிலமோ 25 டிகிரியில் லிட்டருக்கு 3.4 கிராம்தான் கரையும். பென்சோயேட்டைத் தனியாக நீரில் கரைத்து, சர்க்கரைக் கரைசலில் சேர்த்து நன்றாகக் கலக்கிய பிறகு, அமிலத்தைக் கடைசியில் மெதுவாக விடுங்கள். துகள் படிந்த பேட்ச்சை அப்படியே நிரப்பினால் சில பாட்டிலில் வரம்பு மீறும், சில பாட்டிலில் பாதுகாப்பே இருக்காது.

கேள்வி: அளவு சரியாகப் போட்டும் பானம் புளித்து பாட்டில் உப்புகிறதே?

பதில்: பிஎச் பாருங்கள், அதாவது அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போவது அயனியாகப் பிரியாத பென்சாயிக் அமிலம் மட்டுமே. பிஎச் 3.0இல் 94 சதவீதம் பிரியாமல் இருக்கும். 4.2இல் பாதிதான். 5.0இல் 13 சதவீதம். பிஎச் 4.2இல் இருக்கும் பானத்தில் நீங்கள் போட்டதில் பாதி சும்மா கிடக்கிறது. அளவைக் கூட்டினால் சட்டம் இடிக்கும், ஆகவே பிஎச்சைக் குறையுங்கள். அதோடு ஃபில்லிங் வால்வு, மூடி, ஹோஸ் இடுக்குகளில் ஈஸ்ட் இருக்கிறதா என்று ஸ்வாப் எடுங்கள். தொடக்கத்திலேயே ஈஸ்ட் எண்ணிக்கை அதிகமானால் எந்தப் பதனப்பொருளும் தாங்காது.

கேள்வி: வைட்டமின் சி சேர்த்த பானத்தில் பென்சோயேட் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) பென்சோயேட்டும் சேர்ந்தால், இரும்பு அல்லது செம்பு துளியளவு இருந்தாலே பென்சீன் உருவாகலாம். வெப்பமும் வெளிச்சமும் அதைத் துரிதப்படுத்தும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. பானங்களுக்கென்று தனி வரம்பு இல்லாத இடங்களில் குடிநீர் வரம்பை வைத்து ஒப்பிடுகிறார்கள்: உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 5, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1.

நீங்கள் வைட்டமின் சி சேர்க்காவிட்டாலும் பழச்சாற்றில் இயல்பாகவே அது இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுச் சுவைப் பானங்களில் இதைத்தான் மறந்துவிடுகிறோம். இரண்டில் ஒன்றை நீக்குவதே நேர்வழி. பென்சோயேட்டுக்குப் பதில் சார்பேட் போடலாம். ஆனால் சார்பேட்டைச் சிதைக்கும் பூஞ்சைகள் உண்டு, அவை வளர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஆகவே சார்பேட்டும் சுத்தத்துக்கு மாற்று அல்ல. ஃபார்முலாவை மாற்றியதும் பாட்டில்களைச் சூட்டிலும் வெளிச்சத்திலும் சில வாரம் வைத்து பென்சீன் அளந்து பாருங்கள். புதிதாக நிரப்பிய பாட்டிலில் அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை.

கேள்வி: லேபிளில் 'ஜூஸ்' என்று போட என்ன தகுதி வேண்டும்?

பதில்: கோடெக்ஸ் 247, 2005ஆம் ஆண்டுத் தரம். கான்சன்ட்ரேட்டிலிருந்து (நீரை நீக்கிச் செறிவாக்கிய சாறு) நீர் சேர்த்துத் திரும்பச் செய்யும் சாற்றுக்குக் குறைந்தபட்ச பிரிக்ஸ் அதில் இருக்கிறது: ஆப்பிள் 11.5, மாம்பழம் 13.5, திராட்சை 16.0, ஆரஞ்சு 11.2க்குக் குறையக் கூடாது. நேரடியாகப் பிழிந்த சாறென்றால் பழம் தந்த பிரிக்ஸ்தான், அதை மாற்றக் கூடாது. நெக்டருக்கு (சாறு அல்லது கூழில் நீர் சேர்த்த பானம்) பழத்தின் பங்கு கணக்கு: ஆரஞ்சுக்கு 50%, மாம்பழத்துக்கு 25%. அதற்கும் கீழே போனால் அது 'பழச்சுவைப் பானம்', வேறு வகை, வேறு சேர்மான வரம்புகள்.

65 பிரிக்ஸ் கான்சன்ட்ரேட்டை 11.2க்குக் கொண்டுவர, 65ஐ 11.2ஆல் வகுத்தால் 5.8. ஒரு கிலோவுக்கு 4.8 கிலோ நீர். எல்லாம் எடையில். ஒரு லிட்டர் கான்சன்ட்ரேட்டுக்கு 4.8 லிட்டர் நீர் என்று அளந்தால் ஏறக்குறைய 14 பிரிக்ஸ் வரும், ஏனென்றால் அந்தக் கான்சன்ட்ரேட் ஒரு லிட்டர் 1.3 கிலோவுக்கு மேல். பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 20 டிகிரிக்குத் திருத்திப் படியுங்கள்.

சர்க்கரை போட்டு பிரிக்ஸை ஏற்றுவது ஏமாற்று, அது பிடிபடும். கரும்புச் சர்க்கரையின் கார்பன் ஐசோடோப் விகிதம் ஆரஞ்சின் விகிதத்திலிருந்து வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 திருத்தத்தில் பழச்சாற்றில் சர்க்கரை சேர்ப்பதையே நீக்கிவிட்டது.

கேள்வி: சாற்றைச் சூடாக்கிக் கிருமி கொல்லும் பாஸ்டரைசரில் வெப்பம் சரியாகவே காட்டுகிறது. தணிக்கையாளர் 'ஹோல்டிங் நேரம் நிரூபிக்கவில்லை' என்று எழுதிவிட்டார்.

பதில்: நியாயமான குறிப்பு. வெப்பம் பாதிதான், நேரம் மீதிப் பாதி. சூடான சாறு வெப்பம் குறையாமல் கடக்கும் ஹோல்டிங் குழாயின் கொள்ளளவு 10 லிட்டர், ஓட்டம் மணிக்கு 2,000 லிட்டர் என்றால் சராசரி 18 விநாடி. உற்பத்தியைக் கூட்ட யாரோ பம்ப்பை 3,000க்கு ஏற்றினால் அதே குழாயில் 12 விநாடி. திரையில் வெப்பம் மாறாது. கெட்டியான சாறு கலங்காமல் அடுக்கோட்டமாகப் போனால் நடுவில் ஓடுவது சராசரியைவிட இரு மடங்கு வேகம், அப்போது 6 விநாடிதான்.

செய்ய வேண்டியவை: பம்ப்பின் உச்ச வேகத்தை முத்திரையிட்டுப் பூட்டுங்கள். சென்சார் ஹோல்டிங் குழாயின் முடிவில் இருக்கட்டும். வெப்பம் குறைந்ததும் சாற்றைத் திருப்பியனுப்பும் டைவர்ஷன் வால்வு திரும்புகிறதா என்று தினமும் தொடக்கத்தில் சோதித்து எழுதுங்கள். ரீஜெனரேட்டரில் (சூடான சாறு பச்சைச் சாற்றைத் தகட்டின் வழியே சூடாக்கும் பகுதி) பாஸ்டரைஸ் ஆன பக்கத்தின் அழுத்தம் பச்சைச் சாற்றின் பக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். தகட்டில் ஊசித்துளை விழுந்தால் எந்தப் பக்கம் கசியும் என்பதை அந்த அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் 2001 பழச்சாறு விதி கேட்பது ஐந்து மடக்கைக் குறைப்பு: ஒரு லட்சம் நோய்க்கிருமி ஒன்றாகக் குறைய வேண்டும்.

பிஎச் 4.6க்கு மேல் உள்ள பானம், உதாரணமாக கேரட் சாறு, இந்தக் கணக்கில் வராது. அங்கே பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் ஸ்போர் (வெப்பம் தாங்கும் உறங்கு வடிவம்) பிழைக்கும். அமிலமாக்குங்கள், அல்லது முழு ஸ்டெரிலைசேஷனுக்குப் போங்கள்.

கேள்வி: ஆப்பிள் சாற்றில் பட்டுலின் (அழுகிய பழத்துப் பூஞ்சையின் நச்சு) வரம்பு மீறினால் கொதிக்க வைத்துச் சரிசெய்யலாமா?

பதில்: முடியாது, வெப்பம் அதைப் போதிய அளவு அழிக்காது. வரம்பு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். அழுகிய பழத்தைப் பிழிவதற்கு முன்பே பொறுக்கி எறிவதுதான் வழி.

கேள்வி: ஓசோன் செலுத்தும் பாட்டில் நீரில் புரோமேட் லிட்டருக்கு 14 மைக்ரோகிராம் வந்திருக்கிறது.

பதில்: உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், தாண்டிவிட்டது. மூலநீரில் உள்ள புரோமைடு ஓசோனால் புரோமேட்டாகிறது. உருவான பிறகு நீக்குவது கடினம், ஆகவே முன்பே தடுங்கள். மூலநீரில் புரோமைடு அளவிடுங்கள், ஓசோன் அளவையும் தொடர்பு நேரத்தையும் குறையுங்கள், நிராகரித்த நீரைத் திரும்பத் திரும்ப ஓசோனில் ஓட்டாதீர்கள். ஆர்ஓ (சவ்வு வடிகட்டி) ஓசோனுக்கு முன்னால் இருக்கட்டும்.

கேள்வி: நிறமிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கார்மோசினும் பான்சோ 4ஆரும் ஐரோப்பாவில் செல்லும், அமெரிக்காவில் செல்லாது. ஐரோப்பாவில் இவை இரண்டோடு டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, குயினோலின் யெல்லோ, அல்லூரா ரெட் ஆகியவற்றுக்கும் 2010 முதல் குழந்தைகளின் கவனம் பற்றிய எச்சரிக்கை வாசகம் லேபிளில் வேண்டும்.

கேள்வி: உணவுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 22000 சான்றிதழ் இருக்கிறது. ஆனாலும் வாங்குபவர் பேட்ச்வாரியாக ஆய்வறிக்கை கேட்கிறாரே?

பதில்: கேட்பது சரி. அந்தச் சான்றிதழ் உங்கள் நிர்வாக முறைக்குத் தரப்பட்டது, பாட்டிலுக்குள் இருப்பதற்கு அல்ல. பேட்ச் எண், பிஎச், பிரிக்ஸ், அமிலமாகக் கணக்கிட்ட பதனப்பொருள் அளவு, ஈஸ்ட்டும் பூஞ்சையும், சோதனை முறை ஆகியவற்றை அறிக்கையில் கொடுங்கள். அலகு மி.கி./லிட்டரா மி.கி./கிலோவா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதியிருக்க வேண்டும். அதே பேட்ச்சின் சில பாட்டில்களை காலாவதி நாள் வரை எடுத்து வையுங்கள். துறைமுகத்தில் வேறு எண் வந்தால் உங்கள் கையில் ஒப்பிட இருப்பது அவை மட்டுமே.