என்ஐபிடி நார்மல், அப்புறம் எதற்குப் பனிக்குட நீர் பரிசோதனை?

கேள்வி: 20 வார ஸ்கேனில் குழந்தையின் மூளையில் கார்பஸ் கலோசம் தெரியவில்லை என்கிறார்கள். 12ஆம் வாரம் எடுத்த என்ஐபிடி ரத்தப் பரிசோதனை நார்மல்தான். இருந்தும் டாக்டர் பனிக்குட நீர் எடுக்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: என்னைக் கேட்டால், எடுத்துவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் ‘நார்மல்’ என்ற சொல்தான் பலரையும் ஏமாற்றுகிறது. அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளை, அதுவும் நஞ்சுக்கொடியிலிருந்து வந்தவற்றை வைத்து, முக்கியமாக 21, 18, 13ஆம் குரோமோசோம்கள் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்ப்பதே என்ஐபிடி. உங்கள் ஸ்கேனில் தெரிந்த பிரச்சினையை அது தேடவே இல்லை.

கார்பஸ் கலோசம் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம். அது உருவாகாமல் போவதற்கு குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டதும் காரணமாக இருக்கலாம், ஒரே ஒரு மரபணுவில் விழுந்த எழுத்துப்பிழையும் காரணமாக இருக்கலாம். பனிக்குட நீரில் இருக்கும் குழந்தையின் செல்களை வைத்து இவற்றைத் தேடலாம். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய காரியோடைப் சோதனையில் பெரிய துண்டுகள்தான் கண்ணுக்குப் படும். சின்னத் துண்டுகளுக்கு மைக்ரோஅரே என்ற டிஎன்ஏ சோதனை வேண்டும். ஸ்கேனில் குறை தெரிந்து, காரியோடைப் நார்மலாக வந்த குழந்தைகளில் சுமார் 6 சதவீதம் பேருக்கு மைக்ரோஅரே காரணம் காட்டியதாக 2012இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. எழுத்துப்பிழை அதிலும் சிக்காது, அதற்கு மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை. ஆகவே லேபுக்கு வெறுமனே ‘குரோமோசோம் டெஸ்ட்’ என்று எழுதி அனுப்பாமல், ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எக்ஸோமுக்கு உங்கள் இருவர் ரத்தமும் கொடுத்தால், மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததா, குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதா என்று பிரித்துவிடலாம். அப்படியும் ‘அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்’ என்று ஒரு வரி வரக்கூடும். அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

கூடவே கருவுக்கு எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. பாலம் மட்டும்தான் இல்லையா, மூளையில் வேறு கோளாறும் இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வேறு குறையும் மரபுக் காரணமும் இல்லாத பிள்ளைகளில் பலர் நன்றாகவே வளர்கிறார்கள், சிலருக்குக் கற்றலில் சிரமம் வரும்.

பனிக்குட நீர் எடுக்கும் ஊசி பயமா? கரு கலையும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீர் எடுத்த 72 மணி நேரத்துக்குள், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.