ஜோடி சேர்ந்த பிறகும் படம் போகவில்லையா?

கேள்வி: வீட்டிலேயே லுங்கி வியாபாரம் செய்கிறோம். டிசைன் படங்கள் எல்லாம் போனுக்குத்தான் வருகின்றன, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். போனில் சார்ஜர் போடும் இடம் ஆடிப்போனதால் கேபிள் நிற்பதில்லை. வேலூரில் யுஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் (கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத் வசதி தரும் சின்னக் கருவி) வாங்கிப் போட்டேன். போனில் கம்ப்யூட்டர் பெயர் வருகிறது, 'பேர்டு', அதாவது ஜோடி சேர்ந்துவிட்டது என்றும் காட்டுகிறது. ஆனால் படம் அனுப்பினால் 'ஃபெயில்டு'. கடைக்காரர் டாங்கிளை மாற்றித் தந்தும் அதே கதைதான். விண்டோஸ் 10.
– வாசகி, குடியாத்தம்

பதில்: டாங்கிள் மேல் தப்பில்லை சகோதரி, உங்கள் மேலும் இல்லை. ஜோடி சேர்ப்பது வேறு, படத்தை வாங்கிக்கொள்வது வேறு. ஜோடி சேர்ப்பது என்பது இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று தெரிந்து வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். போனுக்குப் படம் அனுப்பினால் 'வாங்கிக்கொள்ளட்டுமா' என்று அதுவே கேட்கும். விண்டோஸ் கேட்காது. 'இப்போது ஒரு ஃபைல் வரப்போகிறது, வாங்கிக்கொள்' என்று முன்கூட்டியே நாம் சொல்லி வைத்தால்தான் கதவைத் திறக்கும், இல்லாவிட்டால் வந்ததைத் திருப்பி அனுப்பிவிடும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

திரையின் கீழே வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேல் நோக்கிய சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் நீல நிற ப்ளூடூத் சின்னம் தெரியும். சின்னத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ரிசீவ் எ ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்புக்காகக் காத்திருப்பதாக ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு, இப்போது போனை எடுத்துப் படத்தைத் திறந்து, ஷேர், அப்புறம் ப்ளூடூத், அப்புறம் உங்கள் கம்ப்யூட்டர் பெயர். பச்சைக் கோடு நகர ஆரம்பிக்கும். முடிந்ததும் எந்த ஃபோல்டரில் வைக்கட்டும் என்று கேட்கும், அங்கே 'ஃபினிஷ்' கொடுக்க மறக்காதீர்கள், பலர் அதற்கு முன்பே ஜன்னலை மூடிவிட்டுப் படம் எங்கே என்று தேடுகிறார்கள். அடுத்த முறை அனுப்பும்போதும் இதே மாதிரி முதலில் 'ரிசீவ்' கொடுத்தாக வேண்டும்.

சின்னமே கண்ணில் படவில்லையென்றால் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் எஃப், எஸ், கியூ, யூ, ஐ, ஆர், டி (fsquirt) என்று ஏழு ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் ஒரு ஜன்னல் வரும், அதில் 'ரிசீவ் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

போனில் 'பேர்டு' என்று மட்டும் இருக்கிறது, 'கனெக்டட்' வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஃபைல் அனுப்பும் நேரத்தில் மட்டும்தான் இணைப்பு உண்டாகும், முடிந்ததும் தானே விட்டுவிடும்.

கேள்வி: ஒன்றரை மணி நேரக் கல்யாண வீடியோவை ப்ளூடூத்தில் அனுப்பினேன். ராத்திரி சாப்பிட்டு வந்து பார்த்தால் பாதிகூடப் போகவில்லை. அதுவும் அடுத்த அறைக்குப் போனை எடுத்துப் போனால் அறுந்துவிடுகிறது.
– வாசகர், ஆற்காடு

பதில்: ப்ளூடூத்தில் ஃபைல் போகும் வேகம் நடைமுறையில் நொடிக்கு 2 மெகாபிட், அதாவது கால் எம்பி அளவுதான். 5 எம்பி போட்டோ 20 நொடியில் போய்விடும், ஆனால் 1 ஜிபி வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படம், பில், பிடிஎஃப் இவற்றுக்கு ப்ளூடூத் போதும். வீடியோவுக்கு கூகுளின் 'க்விக் ஷேர்' மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். அது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு மட்டும் ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு, சரக்கை வைஃபை வழியாக அனுப்புகிறது.

அறுந்துபோவதற்கு வருவோம். 10 மீட்டர் தூரம் எட்டும் என்பதெல்லாம் நடுவில் தடையில்லாத இடத்தில். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் செங்கல் சுவரே முழங்கை நீளம் இருக்கிறது, அதோடு ஒரு இரும்பு பீரோவும் நடுவில் நின்றால் அலை என்ன செய்யும்? டாங்கிள் சிபியுவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் இருக்கும். இன்னொன்று, யுஎஸ்பி 3.0 துளைகள், அதாவது உள்ளே நீலமாக இருப்பவை, வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், ப்ளூடூத் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் ரொம்பவே தொந்தரவு. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை மேஜை மேல் போன் பார்க்கிற இடத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். எங்கள் வீட்டு மேஜையில் இதைச் செய்த பிறகுதான் கூடத்திலிருந்தே படம் அனுப்ப முடிந்தது.

கேள்வி: காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் போகிறேன். நேற்று யாரோ ஒருவரின் போன் என்னுடன் ஜோடி சேரக் கேட்டது. போட்டோக்களை எடுத்துவிடுவார்களா?
– கல்லூரி மாணவி

பதில்: நீங்கள் சம்மதம் தராதவரை ஜோடி சேராது, ஆகவே 'கேன்சல்' கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஜோடி சேரும்போது இரண்டு திரையிலும் ஒரு ஆறு இலக்க எண் வருமே, அதைப் படிக்காமலேயே 'ஓகே' தட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் நீங்கள் பேசுவது உங்கள் கருவியோடு, நடுவில் வேறு யாரும் இல்லை என்று அர்த்தம். தயவுசெய்து ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். போனுக்கு வரும் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2017-இல் ப்ளூடூத்தில் 'ப்ளூபோர்ன்' என்று பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள், அவற்றில் சில ஜோடியே சேராமல் உள்ளே நுழைய வழிவிட்டன, அடைத்தது அப்டேட்தான். ப்ரவுசிங் சென்டரில் எப்போதாவது ஜோடி சேர்த்திருந்தால் வேலை முடிந்ததும் அந்த ஜோடியை இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஐபோனிலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: ப்ளூடூத்தில் ஃபைல் அனுப்ப ஐபோன் விடாது. கேபிள் போடுங்கள், இல்லையென்றால் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐக்ளவுட்.

கேள்வி: ப்ளூடூத்துக்கு நீலப் பல் என்று ஏன் பெயர்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், வாலாஜாபேட்டை

பதில்: 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற ராஜாவின் பட்டப்பெயர் தம்பி அது. சிதறிக் கிடந்த மக்களை ஒரே ஆட்சியின் கீழ் சேர்த்தவர் என்பதால், கருவிகளைச் சேர்த்து வைக்கும் நுட்பத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் இதற்காகக் கூட்டுச் சேர்ந்தது 1998-இல். அப்பா போனில் அந்தச் சின்னத்தை உற்றுப் பார், அவர் பெயரின் முதல் எழுத்தையும் பட்டப்பெயரின் முதல் எழுத்தையும் ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதுதான் அது.