மைதானமே இல்லாத தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளை எப்படி ஓடியாட வைப்பது?

நீங்களும் இலங்கை மலையகத்தில்தான் படிப்பிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மட்டமான மைதானம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி வராது.

நான் மஸ்கெலியா பக்கம் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்களுக்கு இருப்பது கட்டடத்துக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு துண்டு சிமெந்து முற்றம். ஓரத்தில் சரிவு, கீழே தேயிலை. 20 நிமிட இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் முற்றம் முழுக்கக் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து உருண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழும். ஒருவன் இறங்கித் தேடி, காலில் அட்டையோடு ஏறி வருவதற்குள் மணி அடித்துவிடும். மற்றப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு விளையாட்டில் ஆசை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இடம் கிடைக்காமல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கோயிலுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட்டை ஒரு அப்பா கொண்டுவந்து தந்தார். ஒரு சனிக்கிழமை நானும் இன்னொரு டீச்சரும் முற்றத்தில் ஒரு கிளித்தட்டுக் கட்டமும் மூன்று பாண்டிக் கட்டமும் வரைந்தோம். சுண்ணாம்பு எங்கள் மழைக்கு ஒரு நாள் தாங்காது. மண்மேட்டில் பழைய டயர்களைப் பாதி புதைத்துப் படியாக்கினோம். கிரிக்கெட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று முறை வைத்தோம்.

நாலாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை. மூன்றாம் நாள், டையின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் கிளித்தட்டுக் கோட்டில் போய் நின்றது. மணி அடிக்கும்வரை ஒருத்தரையும் தாண்ட விடவில்லை.

"தோட்டத்துப் பிள்ளைகள் நடந்துதானே வருகிறார்கள், இது எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். எங்களிடம் பாதிப் பேர் இப்போது ஆட்டோவில்தான் வருகிறார்கள். 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் வாசலில் அதற்கு இடம் ஏது? பாடசாலையிலும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பென்று உடற்கல்விப் பாடவேளையைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

    

கோடு போடும் முன் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எங்கள் முதல் பாண்டி பாசி பிடித்து, ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்துவிட்டது. அப்புறம் பாசியைச் சுரண்டி, பெயின்ட்டில் சலித்த மணல் கலந்து திரும்ப அடித்தோம். இப்போது வழுக்குவதில்லை.